சிக்குக்கோலமும் மீப்பெரு பொதுக் காரணியும்

மதுரை வட்டாரத்தில் மார்கழி வாசல்களை நிறைக்கும் சிக்குக்கோலம் ஒரே கோட்டால் ஆனது என்னும் கருத்து பரவலாக வழங்குகிறது. யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். எல்லாக் கோலங்களுக்கும் அது பொருந்தாது.

நேர்ப்புள்ளிகளைச் செவ்வகமாக இட்டு, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே எங்கும் கோடுகள் குறுக்கிடுமாறு வரைந்தால், கிடைக்கும் மூடிய கோடுகளின் எண்ணிக்கை வரிசை, நிரல் எண்களின் மீப்பெரு பொதுக் காரணிக்குச் சமமாகும். 3×5 புள்ளிக்கு ஒரு கோடு; 4×6 புள்ளிக்கு இரண்டு; 5×5 சதுரத்திற்கு ஐந்து. கோடு சாய்வாகச் சென்று, கேரம் காய் பலகை விளிம்பில் திரும்புவதுபோல் எல்லையில் திரும்புகிறது. நெடுக்கிலும் குறுக்கிலும் அதன் போக்குவரவு ஒருங்கே நிறைவுறும்போதுதான் தொடங்கிய இடத்தை அடைகிறது. பொதுக் காரணி இருப்பின் அந்நிறைவு விரைந்து வந்துவிடும். தொடப்படாத இடங்கள் வேறொரு கோட்டிற்கு எஞ்சும்.

1974இல் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களை அணி இலக்கணங்களின்வழி ஆராய்ந்தனர். விதிகளால் கோலம் வளரும் முறையே அவர்தம் நோக்கு. இழை எண்ணிக்கை பற்றிய வினா வரைபவரின் தெரிவுக்கு இட்டுச் செல்கிறது. 4×6 கோலத்தில் இரு கோடுகளும் வெட்டும் ஓரிடத்தில் வெட்டை நீக்கி, முனைகளை மாற்றி இணைத்தால் அவை ஒன்றாகிவிடும். ஆயின் அரைச்சுற்றுச் சமச்சீர் குலையும். ஏனெனில் அக்கோலத்தின் நட்டநடுவில் வெட்டே இல்லை. ஒற்றை இழையை விரும்பிச் சமச்சீரை இழப்பதா, இரண்டு இழைகளோடு நிறுத்திக்கொள்வதா என்பதைக் கோலமிடும் கையே முடிவு செய்கிறது.