பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு?

வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைத்து, அதில் பவளமும் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் அதிகம் தடுமாறுவது விளக்கு வாங்கும்போதுதான். ஒரே அளவுள்ள தொட்டிக்குச் சில ஆயிரம் ரூபாயிலும் விளக்கு கிடைக்கிறது, பல பத்தாயிரம் ரூபாயிலும் கிடைக்கிறது. பெட்டியின் மேல் வாட், லூமன், கெல்வின் என்று வரிசையாக எண்கள். எதை நம்பி வாங்குவது?

மீன் மட்டும் உள்ள தொட்டியில் விளக்கு நமக்காக எரிகிறது. மீன்களின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும். பவளம் உள்ள தொட்டியில் விளக்கு பவளத்துக்குச் சோறு போடுகிறது. எந்த உயிருக்கு எவ்வளவு உணவு என்று தெரியாமல் சமையல் தொடங்க முடியாது. அதனால் விளக்கைப் பற்றிய கேள்வி, நாம் எந்தப் பவளத்தை வளர்க்கப்போகிறோம் என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஒளி உணவாகும் விதம்

பவளம் பார்ப்பதற்குச் செடிபோல இருந்தாலும் அது விலங்கு. அதன் தசைக்குள், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச்செல் பாசிகள் லட்சக்கணக்கில் குடியிருக்கின்றன. சூசாந்தெல்லே என்று பெயர். பகலில் இவை ஒளிச்சேர்க்கை செய்து, உருவாகும் சர்க்கரையில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பவளம் வெளியேற்றும் கரியமில வாயுவையும் நைட்ரஜன் கழிவையும் பாசி எடுத்துக்கொள்கிறது. ஆழமற்ற கடலில் வாழும் பவளங்கள் பலவற்றுக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதம்வரை இந்தப் பாசிகளிடமிருந்தே கிடைக்கக்கூடும். கல்போன்ற எலும்புக்கூட்டைக் கட்டும் வேலையும் வெளிச்சத்தில்தான் வேகமாக நடக்கிறது.

வெளிச்சம் குறைந்தால் பவளம் மெல்ல மெல்லப் பட்டினியில் வாடும். கூடினாலும் ஆபத்து. ஓர் எல்லைக்கு மேல் ஒளியைக் கூட்டினால் ஒளிச்சேர்க்கை கூடுவதில்லை. மிஞ்சிய ஆற்றல் செல்லுக்குள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்களை உண்டாக்குகிறது. அப்போது பவளம் பாசிகளை வெளியே தள்ளிவிட, கண்ணாடிபோன்ற தசை வழியாக வெள்ளை எலும்பு தெரிகிறது. கடலில் வெப்பம் ஏறும்போது நிகழும் வெளிறல் இதுதான். வீட்டுத் தொட்டியில், புதிதாக வாங்கிய விளக்கை முதல் நாளே முழு அளவில் எரியவிட்டால் இதே கதி நேரும்.

பெட்டியில் உள்ள எண்கள் சொல்லாதது

சூரிய ஒளி கடலுக்குள் இறங்கும்போது சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். தெளிந்த நீரில் நீலம் மட்டும் வெகு ஆழம் போகும். பவளத்தின் பாசிகளும் அதற்கேற்ப நீலத்தையும் நீலப்பச்சையையும் நன்றாகப் பிடிக்கும் நிறமிகளைக் கொண்டுள்ளன. பவளத் தொட்டி விளக்குகள் நீலமாக இருப்பதற்கு இதுவே காரணம். பிரகாசமான நீல எல்.இ.டி.யை ஜப்பானில் ஷுஜி நகமுரா 1993இல் உருவாக்கிக் காட்டினார். நீல எல்.இ.டி.க்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய எல்.இ.டி. பவளத் தொட்டி விளக்குகள் எல்லாம் அந்தக் கண்டுபிடிப்பின் மேல் நிற்பவை.

இப்போது பெட்டியில் உள்ள எண்களுக்கு வருவோம். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம். எவ்வளவு ஒளி வெளிவருகிறது, அது எங்கே விழுகிறது என்பதை அது சொல்லாது. லூமன் மனிதக் கண்ணை வைத்துக் கணக்கிடப்படுவது. பகல் வெளிச்சத்தில் நம் கண் 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள்பச்சை ஒளியைத்தான் அதிகம் உணர்கிறது. அதனால் பவளத்துக்கு நன்றாகத் தீனி போடும் நீல விளக்குக்கு லூமன் எண் குறைவாகவே வரும். கெல்வின் நம் கண்ணுக்கு ஒளி எந்தச் சாயலில் தெரியும் என்பதைக் குறிக்கிறது. 6,500 பகல் வெள்ளை, 10,000 நீலம் கலந்த வெள்ளை, 20,000 நல்ல நீலம். ஒரே கெல்வின் எண் உள்ள இரண்டு விளக்குகளின் நிறக்கலவை முற்றிலும் வேறாக இருக்கலாம்.

கேட்க வேண்டிய எண் 'பார்'. 400 முதல் 700 நானோமீட்டர்வரை உள்ள, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எவ்வளவு விழுகின்றன என்ற அளவு இது. மைக்ரோமோல் கணக்கில் சொல்வார்கள். வெப்பமண்டலத்தில் உச்சி வெயில் நீர்ப்பரப்பில் விழும்போது இது சுமார் 2,000 இருக்கும். வீட்டுத் தொட்டிக்கு அவ்வளவு வேண்டாம். காளான் பவளம், தோல் பவளம் போன்ற சாஃப்ட் கோரல்களுக்கு 50 முதல் 100 போதும். யூஃபில்லியா போன்ற சதைப்பற்றுள்ள கல்பவளங்களுக்கு 75 முதல் 150. அக்ரோபோரா போன்ற கிளைவிடும் கல்பவளங்களுக்கு 200 முதல் 350. இவை வளர்ப்பவர்களின் அனுபவத்தில் திரண்ட எண்கள். வழிகாட்டியாகக் கொள்ளலாம்.

பார் அளவை நீருக்குள் வைத்துப் பார்க்கத் தனி மீட்டர் உண்டு. விலை அதிகம் என்பதால் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவது நல்ல வழி. பழைய வகை சென்சார்கள் நீல எல்.இ.டி.யின் ஒளியைக் குறைத்துக் காட்டும். முழு நிறமாலையையும் அளக்கும் வகையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்று வகை விளக்குகள்

பவளத் தொட்டி முதலில் விளக்கை நம்பி வளரவில்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் சூரிய ஒளியிலேயே பவளம் வளர்த்து, அந்த முறையை 1961இல் எழுதி வெளியிட்டார். 1987இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் திறக்கப்பட்ட பெரிய பவளக் காட்சியகமும் திறந்த வானத்தின் கீழ் அமைக்கப்பட்டதுதான். வெயில் குறைவான ஜெர்மனி போன்ற நாடுகளில்தான் மின்விளக்கின் துணை தேவைப்பட்டது. மெட்டல் ஹாலைடு விளக்கு அங்கே பவளத் தொட்டிக்குள் நுழைந்தது.

மெட்டல் ஹாலைடின் வெளிச்சம் சூரிய ஒளிபோல ஆழமாக ஊடுருவும். தரையில் அலையாடும் ஒளிக்கோடுகள் விழும். ஆனால் ஒரு விளக்கே 150, 250, 400 வாட் என்று மின்சாரம் இழுக்கும். வெப்பமும் அதற்கேற்ப இருக்கும். பவளத் தொட்டியின் நீர் 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. சென்னை, மதுரை வெயிலில் அதற்கே நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓட வேண்டியிருக்கிறது. அதன் மேல் மெட்டல் ஹாலைடையும் ஏற்றினால் மின்கட்டணம் தாங்காது.

டி5 குழல் விளக்கு ஒளியைச் சமமாகப் பரப்பும். பவளத்தின் அடிக்கிளையிலும் நிழல் விழாது. குழலின் திறன் தேயத் தேய, 9 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பாதரசம் உள்ள குழல் விளக்குகளைப் பொதுப் பயன்பாட்டிலிருந்து 2027க்குள் நீக்குவதென்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவெடுத்திருப்பதால், இனிப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை நம்பி இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

மிஞ்சுவது எல்.இ.டி. மின்சாரம் குறைவு, நீரைச் சூடாக்குவதும் குறைவு. நீலம், வெள்ளை, ஊதா என்று ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். காலையில் மெல்ல ஏறி மாலையில் மெல்ல இறங்கும்படி டைமரில் அமைக்கலாம். இதன் குறை, ஒளி சிறு புள்ளிகளிலிருந்து வருவது. நேர்கீழே அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் விழும், கிளைகளுக்கு அடியில் நிழல் தங்கும். அதனால் நீளமான தொட்டிக்குச் சக்திவாய்ந்த ஒரே விளக்கைவிட, இடைவெளிவிட்டு வைத்த இரண்டு நடுத்தர விளக்குகள் நல்லது.

எந்தப் பவளம்?

இந்தியாவில் இந்தக் கேள்விக்குச் சட்டத்தின் பதில் ஒன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் உள்ளவை உட்பட நம் கடலின் கல்பவளங்கள் எல்லாம், கடல்விசிறிகளும் சேர்த்து, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. 2001இல் இவை அதில் சேர்க்கப்பட்டன. இவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டுக் கல்பவளங்களும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், இறக்குமதி ஆவணங்களும் பதிவும் இல்லாமல் வாங்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் வனத்துறையிடம் கேட்டுத் தெளிவுபெறுவதே வழி. முதல் தொட்டிக்கு, உரிய ஆவணங்களுடன் வரும் காளான் பவளம், தோல் பவளம் போன்ற மென்மையான வகைகளே ஏற்றவை. அவற்றுக்கு விலை உயர்ந்த விளக்கும் தேவையில்லை.

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள, சுமார் 120 லிட்டர் கொள்ளும் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நிறங்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய நடுத்தர எல்.இ.டி. ஒன்று இதற்குப் போதும். நீர்மட்டத்திலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடலாம். மணல்பரப்பில் 50, பாறையின் நடுவில் 100, உச்சியில் 150 என்று பார் அளவு கிடைத்தால் மென்மையான பவளங்கள் செழிக்கும். வாங்கும்போது கடைக்காரரிடம் பார் வரைபடம் கேளுங்கள். எந்த உயரத்திலிருந்து, எந்த ஆழத்தில், நீருக்குள்ளா காற்றிலா எடுத்த அளவு என்பதையும் கேளுங்கள். நடுவில் 300 காட்டி மூலையில் 30 காட்டும் விளக்கைவிட, எல்லா இடத்திலும் ஏறக்குறைய 100 தரும் விளக்கு இந்தத் தொட்டிக்கு மேல்.

பொறுமையும் கவனமும்

புது விளக்கை 30 அல்லது 40 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். புதிதாக வரும் பவளத்தை முதலில் கீழே, மங்கலான இடத்தில் வைத்து, பிறகு மேலே நகர்த்துங்கள். ஏறி இறங்கும் நேரமும் சேர்த்து நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். அதற்கு மேல் எரியவிட்டால் வேண்டாத பாசிதான் கண்ணாடியிலும் பாறையிலும் படரும்.

பவளம் பழுப்பாக மாறினால் வெளிச்சம் போதவில்லை, அல்லது நீரில் நைட்ரேட், பாஸ்பேட் கூடிவிட்டன. வெளிறினால் வெளிச்சம் மிகுதி, அல்லது அந்தச் சத்துகள் மிகவும் குறைந்துவிட்டன. நீரைச் சோதித்துப் பார்த்த பிறகே விளக்கில் கை வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். முழு நீலத்தில் பவளங்கள் ஒளிர்வது பார்க்க அழகு. ஆனால் அவற்றின் மெய்யான நிறமும் நோயின் அறிகுறியும் வெள்ளை ஒளியில்தான் தெரியும். தினமும் சிறிது நேரமாவது வெள்ளை ஒளியில் தொட்டியைப் பாருங்கள்.

உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். விளக்கின் வயரில் ஒரு வளைவு, ப்ளக்குக்குக் கீழே தொங்கும்படி விடுங்கள். வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். தொட்டிக்கான இணைப்பில் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். விளக்கில் படியும் உப்பை வாரம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். கரண்ட் போகும் ஊர்களில் யு.பி.எஸ். இணைப்பை நீரோட்டப் பம்புக்கே கொடுங்கள். ஒரு நாள் இருட்டைப் பவளம் தாங்கும், நின்றுபோன நீரை அவ்வளவு நேரம் தாங்காது.

கடலில் வளரப் பல ஆண்டுகள் எடுக்கும் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அதை வாழவைக்கும் பொறுப்பு நம்முடையது. முதலில் பவளத்தை முடிவுசெய்யுங்கள், பிறகு அதற்கு வேண்டிய ஒளியை அறியுங்கள், கடைசியாக விளக்கை வாங்குங்கள்.