ஒரு எஞ்சின், இரண்டு தேசம்

போயிங் 737-800 விமானத்தில் இறக்கையை ஒட்டி ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கீழே தொங்கும் எஞ்சினைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். முன்னால் சுழலும் பெரிய விசிறி பிரெஞ்சுக்காரர்கள் செய்தது. அதற்குப் பின்னால், காற்றை நெருக்கி எரிபொருளைக் கொளுத்தும் நடுப்பகுதி அமெரிக்கர்கள் செய்தது. வால்புறத்தில் சூடான காற்று சுழற்றும் கடைசி டர்பைன் மறுபடியும் பிரெஞ்சு.

வியப்பு இனிமேல்தான். முன்விசிறியும் கடைசி டர்பைனும் ஒரே தண்டில் கோத்தவை. அந்தத் தண்டு, அமெரிக்க நடுப்பகுதியின் குழாய் போன்ற தண்டுக்கு உள்ளேயே நுழைந்து போகிறது. முழு வேகத்தில் உள்தண்டு நிமிடத்துக்குச் சுமார் 5,000 முறை சுற்றும். வெளித்தண்டு 14,000 முறைக்கும் மேல். இரண்டையும் பிணைக்க நடுவில் பல்சக்கரம் கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும் காற்றுதான் பிணைப்பு. அவரவர் வேகத்தில் அவரவர்.

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் பிரான்சின் அரசு நிறுவனமான ஸ்னெக்மாவும் சரிபாதிப் பங்கில் 1974-இல் தொடங்கிய சிஎஃப்எம் இன்டர்நேஷனலின் எஞ்சின் இது. அமெரிக்கரின் சிஎஃப்6, பிரெஞ்சுக்காரரின் எம்56 என்ற இரு பெயர்களை ஒட்டி சிஎஃப்எம்56 என்று பெயர் வைத்தார்கள். இதுவரை 30,000-க்கும் மேல் விற்றிருக்கிறது.

ஜாதகம் பார்த்திருந்தால் இந்தச் சம்பந்தத்தை யாரும் முடித்திருக்க மாட்டார்கள். ஒன்று லாபத்துக்கு உழைக்கும் தனியார் கம்பெனி, மற்றது பெரும்பாலும் போர் விமான எஞ்சின் செய்துவந்த அரசு கம்பெனி. பாஷை வேறு, அளவு முறை வேறு. போதாததற்கு, ஜெனரல் எலக்ட்ரிக்கின் பரம எதிரியான பிராட் அண்ட் விட்னிக்கு ஸ்னெக்மாவில் சிறு பங்கும் இருந்தது.

நடுப்பகுதியோ பி-1 குண்டுவீச்சு விமானத்துக்காக உருவானது. அதை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-இல் அமெரிக்க அரசு அனுமதி மறுத்தது. விஷயம் 1973-இல் ஐஸ்லாந்தில் அமெரிக்க அதிபர் நிக்சனும் பிரெஞ்சு அதிபர் பொம்பிடூவும் சந்தித்தபோது அவர்கள் மேசை வரை போனது. அனுமதி கிடைத்தது, நிபந்தனையோடு. நடுப்பகுதியை அமெரிக்காவிலேயே பூட்டி அனுப்ப வேண்டும்; கூட்டாளி உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

சந்தேகத்தில் தொடங்கிய கூட்டு என்று இதைச் சொல்லலாம். எனக்கு அது அதிர்ஷ்டமாகப் படுகிறது. உன் வேலை எது, என் வேலை எது என்று முதல் நாளே கோடு கிழிக்க வேண்டியதாயிற்று. பணத்திலும் அதே கோடு. லாபத்தை அவர்கள் பங்கு போடவில்லை, வரவைப் பங்கு போட்டார்கள். அவரவர் பாகத்தை அவரவர் செலவில் செய்ய வேண்டும். சிக்கனமாகச் செய்தால் மிச்சம் அவருக்கே, வீணடித்தால் நஷ்டமும் அவருக்கே. லாபத்தைப் பிரிப்பதென்றால் இரு தரப்பின் செலவுச் சீட்டுகளையும் ஒரே மேசையில் கொட்டிக் கிளற வேண்டியிருக்கும். கூட்டு வியாபாரத்தில் அண்ணன் தம்பிகளே முகம் திருப்பிக்கொள்ளும் இடம் அதுதானே. இங்கே அந்த மேசையே போடப்படவில்லை.

இருந்தும் ஐந்து வருஷம் ஓர் எஞ்சின்கூட விலைபோகவில்லை. மூடிவிடலாமா என்ற பேச்சு வரை வந்தது. 1979-இல் யுனைடெட், டெல்டா போன்ற கம்பெனிகள் பழைய டிசி-8 விமானங்களுக்கு எஞ்சின் மாற்ற இதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. அதுவரை தாக்குப்பிடிக்க ஒப்பந்தக் காகிதம் மட்டும் போதாது. ஜெனரல் எலக்ட்ரிக் எஞ்சின் பிரிவின் தலைவர் கெர்ஹார்ட் நியூமனும் ஸ்னெக்மாவின் தலைவர் ரெனே ரவோவும் ஒருவரை ஒருவர் நம்பினார்கள். இரு கம்பெனிகளும் அதற்கு முன்பே சிஎஃப்6 எஞ்சினில் சேர்ந்து வேலை பார்த்துப் பழகியிருந்தன.

நம் ஊரில் ஹீரோ ஹோண்டா 1984-இல் இதேபோலக் கோடு கிழித்துத்தான் கிளம்பியது. எஞ்சின் நுட்பம் ஜப்பானுடையது. உற்பத்தி, டீலர்கள், நாட்டுச் சந்தை பற்றிய அனுபவம் ஹீரோவுடையது. 1999-இல் ஹோண்டா இந்தியாவில் தனக்கென்று ஒரு கம்பெனி தொடங்கியது. முதலில் ஸ்கூட்டர், பிறகு மோட்டார் சைக்கிளும். கோடு அழிந்துவிட்டது. 2010 டிசம்பரில் பிரிவதாக அறிவித்தார்கள்.

சிஎஃப்எம் ஒப்பந்தத்தை 2021-இல் 2050 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஸ்னெக்மா இன்று சாஃப்ரான் ஆகிவிட்டது, சிஎஃப்எம்56-இன் இடத்துக்கு லீப் என்ற புது எஞ்சின் வந்துவிட்டது. அதிலும் விசிறி பிரான்சுக்கு, நெருப்பு அமெரிக்காவுக்கு.