கல்லடி பட்ட கண்ணாடி

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். எங்கள் வீட்டு வண்டிக்குப் பட்டது கல்லடிதான். ஆனால் அது எங்களைக் கண்ணடியைவிட அதிகமாகவே படுத்திவிட்டது. கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு உபயோகப்படும் என்பதாலும், என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பதாலும் இதை எழுதுகிறேன்.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வந்தவர்கள் வாசலில் ஒரு சிவப்பு நிற வண்டியைப் பார்த்திருக்கலாம். இரண்டே சீட்டு. குழந்தைகள் அதைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதன் பெயர் ‘சான் ஸ்டார்ம்’. ரயில் என்ஜின்கள் தயாரிக்கும் பெங்களூர்க் குழுமம் ஒன்று 1990களின் கடைசியில் துணிந்து இறங்கிச் செய்த ஸ்போர்ட்ஸ் கார். உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். உள்ளே 1149 சி.சி. ரெனோ என்ஜின். உற்பத்தி நின்று வெகு காலமாகிறது. என் மகன் 2019-இல் தன் சேமிப்பையெல்லாம் போட்டு இதைப் பழைய வண்டியாக வாங்கினான். “இதுல அம்மா அப்பாவுக்கு இடம் எங்கேப்பா?” என்று கேட்டேன். அன்றிலிருந்து அந்த வண்டியைப் பற்றி எங்களுக்குள் பேச்சே இல்லை.

2022 மார்ச்சில் அவன் கண்டாலா காட் வழியாக புனே திரும்பும்போது, முன்னால் போன லாரியின் டயரிலிருந்து ஒரு ஜல்லி பறந்து வந்து முன்கண்ணாடியில் அடித்தது. நாலணா அளவுக்கு ஒரு புள்ளி. ‘இதுதானே’ என்று பத்து நாள் விட்டுவிட்டான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயிலில் காய்ந்து நின்ற வண்டியைக் கழுவுகிறேன் என்று ஒரு பக்கெட் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினான். ‘டிக்’கென்று ஒரு சத்தம். புள்ளியிலிருந்து கிளம்பிய கோடு ஓரம்வரை போய்விட்டது.

தண்டவாளப் பிரிவில் வேலை பார்த்த எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ரயில் கம்பி உடைவதும் இப்படித்தான். சின்னக் கீறல் ஒன்று காத்துக்கொண்டிருக்கும். குளிரில் கம்பி சுருங்கி இழுபடும்போது அந்தக் கீறலின் முனையில்தான் விசையெல்லாம் போய்க் குவியும். கண்ணாடிப் புள்ளி சிறியதாக இருக்கும்போதே பிசின் ஏற்றி அடைத்திருந்தால் சில நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். கோடு ஓரத்தைத் தொட்டுவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

மாற்றுக் கண்ணாடிக்கு எங்கே போவது? புனேயில் ஏறி இறங்காத கடை இல்லை. கடைசியில் மும்பை குர்லா சி.எஸ்.டி. சாலையில் ஒருவர், “டஃபன்ட் கண்ணாடி வெட்டித் தர்றேன், பாதி விலை” என்றார். மகன் சரி என்று சொல்லும் நிலையில் இருந்தான். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

இதை அன்பர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டஃபன்ட் கண்ணாடி பலமானதுதான். ஆனால் உடைந்தால் ஒரே நொடியில் முழுவதும் கற்கண்டுபோல் நொறுங்கிவிடும். அது பக்கவாட்டு ஜன்னலுக்குச் சரி. முன்னால் இருந்தால், ஓடுகிற வண்டியில் எதிரே எதுவும் தெரியாமல் போய்விடும். முன்கண்ணாடிக்கு வேண்டியது ‘லேமினேட்டட்’ கண்ணாடி: இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். 1903-இல் எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞரின் கையிலிருந்து நழுவி விழுந்த குடுவை, உள்ளே படிந்திருந்த செல்லுலோஸ் பூச்சினால் சிதறாமல் நின்றதாம். அதிலிருந்து பிறந்த யோசனை இது. நம் நாட்டு மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் 100-ஆம் விதி முன்கண்ணாடிக்கு லேமினேட்டட்தான் வேண்டும் என்கிறது. 70 சதவிகித வெளிச்சமாவது ஊடுருவ வேண்டும் என்றும் சொல்கிறது.

பழைய கார்களுக்கு லேமினேட்டட் கண்ணாடி செய்து தரும் பட்டறை ஒன்று விசாரித்ததில் கிடைத்தது. “உடைஞ்சதை முழுசாக் கொண்டு வாங்க, அதுதான் அச்சு” என்றார்கள். எனவே கழற்றுவதிலேயே கவனம் தேவைப்பட்டது. பழைய அம்பாசடர்போல ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்த கண்ணாடி அல்ல இது, பசையால் ஒட்டியது. கத்தியை விட்டால் ஃபைபர் கிழியும். முறுக்குக் கம்பி ஒன்றைப் பசைக்குள் நுழைத்து, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் என்று ரம்பம்போல் இழுத்து அறுத்தோம். பட்டறையில் இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, சுமார் 600 டிகிரியில் சூடாக்கி, தன் எடையாலேயே அச்சில் வளைய விட்டார்கள். பிறகு நடுவே படலத்தை வைத்து, பெரிய பிரஷர் குக்கர் போன்ற கலத்தில் சூட்டாலும் அழுத்தத்தாலும் ஒட்டவைத்தார்கள். செலவு 14,000 ரூபாய்.

பொருத்த வந்தவன் இருபது வயதுப் பையன். சட்டத்தின் மேல் கண்ணாடியை வெறுமனே வைத்துப் பார்த்துவிட்டு, “சாப், இடது மூலை மேடா இருக்கு. தேய்ச்சிட்டு நாளைக்கு ஒட்டலாம்” என்றான். நான் குனிந்து பார்த்தேன். இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. “நாற்பது வருஷம் தண்டவாளம் பார்த்தவன் நான். ஒட்டுப்பா, அழுத்தினா உட்கார்ந்துடும்” என்றேன். பசை தடவியதும் அந்த மூலையை நானே என் கையால் அழுத்தி, டேப் போட்டேன்.

மறுநாள் காலை காப்பி டம்ளரோடு கீழே போனேன். இடது மூலையிலிருந்து குறுக்கே ஒரு கோடு. எந்தக் கல்லும் அடிக்கவில்லை. நான்தான் அடித்தேன்.

ஜல்லி சரியாகக் கெட்டிக்காத ஸ்லீப்பரைக் கண்டுபிடிக்க, கைப்பிடியில் பொருத்திய மரக்குண்டை அதன்மேல் போட்டு ஓசை கேட்போம். அடியில் சமமாகத் தாங்கல் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட இரும்பும் ஒரு நாள் உடையும் என்று எத்தனை கேங்மேன்களுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்! கண்ணாடிக்கும் அதே பாடம்தான். மேட்டில் வளைந்து உட்கார்ந்த கண்ணாடி, வெளிக்குத் தெரியாமல் இரவு முழுக்க முறுகிக்கொண்டே இருந்திருக்கிறது.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “தப்பு என்னுதுப்பா. அடுத்த கண்ணாடிக்கு நான் பணம் தர்றேன்” என்றேன். அந்தப் பையனிடமும் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே தேய்ப்புத் தாளை என் கையில் கொடுத்தான்.

இரண்டாம் முறை அவன் சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. மேடு தேய்ந்து சமமாகும்வரை மூன்று முறை கண்ணாடியை வைத்து வைத்துப் பார்த்தோம். ஃபைபருக்கும் கண்ணாடி ஓரத்துக்கும் தனித்தனி பிரைமர். அடியில் சின்ன ரப்பர்க் கட்டைகள். கண்ணாடி சட்டத்தைத் தொடாமல் பசையின்மேல் மட்டும் மிதக்க வேண்டும். இந்தப் பாலியூரித்தேன் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித்தான் இறுகும். எங்கள் ஊர் வறண்ட கோடைக்கு அவசரப்படாமல் இரண்டு நாள் வண்டியை நகர்த்தவில்லை. கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடியைத் தள்ளும் என்று ஜன்னலைச் சற்று இறக்கியே வைத்தோம்.

அன்பர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சின்னப் புள்ளியை உடனே அடையுங்கள். காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த நீரைக் கொட்டாதீர்கள். வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் லேமினேட்டட்தானா என்பதையும் பாருங்கள். பொருத்துகிறவர் ‘நாளைக்குச் செய்யலாம்’ என்றால், அவர் வயதைப் பார்க்காமல் நாளைவரை பொறுங்கள்.

ஜூன் மாதம் முதல் மழை பிடித்த அன்று மகன், “வாங்கப்பா, ஒரு ரவுண்டு போகலாம்” என்றான். மூட்டு வலியோடு அந்தத் தாழ்வான சீட்டில் இறங்கி உட்கார்ந்தேன். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. சிவாஜி நகர்வரை இடது மூலையை விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“என்னப்பா, இடம் போதுமா?” என்றான்.

“தாராளமா இருக்கு” என்றேன்.