பல்லைப் பார்த்து விலை

தீபாவளி நெருங்கினால் எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் கூட்டம் நெரியும். தேர்ந்த வியாபாரி ஆட்டின் வாயைத் திறந்து பார்க்காமல் விலை பேசமாட்டார். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது; கீழே எட்டுப் பால்பற்கள். ஏறத்தாழ ஒன்றேகால் வயதில் நடுப்பற்கள் இரண்டும் விழுந்து நிலைப்பற்கள் முளைத்தால் அது ‘ரெண்டு பல்லு’. பிறகு நாலு, ஆறு. எட்டும் முளைத்துவிட்டால் கறி முற்றல் என்று விலை இறங்கும்.

பல் போடாத குட்டியின் கறி இளசு. காயடித்த கிடாயில் கொழுப்பு ஏறும், மொச்சை வாடை குறையும். பெட்டையை எளிதில் கறிக்குத் தரமாட்டார்கள். ஐந்து மாதச் சினைக்குப் பிறகு பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடுமே!

கறிக்கடை விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம். 20 கிலோ உயிர் எடையுள்ள ஆட்டை உரித்தால் எலும்போடு 9, 10 கிலோ கறிதான் தேறும். மீதியும் வீணாவதில்லை. தலை, கால், குடல், ஈரல், ரத்தம் எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை, தனித்தனி ரசிகர்கள். தோல் மட்டும் உப்புத் தடவி வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கம் பதனிடப் போகும்.