கொரிந்தியர் முதல் நிருபத்தில் ஒழுங்கு: திருச்சபை வாழ்வுக்கான அளவுகோல்

முன்னுரை

திருச்சபை நிர்வாகம் குறித்த விவாதங்களில் பெரிதும் எடுத்தாளப்படும் விவிலியப் பகுதிகளுள் ஒன்று, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரமாகும். வழிபாட்டில் அனைத்தும் முறைப்படி நிகழ வேண்டும் என்று அதன் இறுதி வசனம் வலியுறுத்துகிறது. இவ்வசனத்தைத் தனியே பிரித்து நோக்குவோர், நிலவும் படிநிலையைக் காக்கும் ஆணையாகவும் அதனைக் கொள்வதுண்டு. அந்நிருபத்தில் ஒழுங்கு என்பது யாரைக் கட்டுப்படுத்துகிறது, யாருக்கு இடமளிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒழுங்கு – சொல்லும் பொருளும்

40ஆம் வசனத்தில் பவுல் ஆளும் கிரேக்கச் சொல் 'தக்சிஸ்' என்பதாகும். வரிசை, அமைவு என்னும் பொருள்களோடு படையணியின் அமைப்பையும் அது குறித்து வந்தது. ஆயினும் 33ஆம் வசனத்தில் குழப்பத்திற்கு எதிர்நிலையாகப் பவுல் நிறுத்துவது அமைதியையே, அடக்குமுறையை அன்று. ஒழுங்கின் நோக்கத்தை 26ஆம் வசனத்தில் உள்ள 'ஒய்கொதொமே' என்னும் சொல் காட்டுகிறது. வீடு கட்டுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனைப் 'பக்திவிருத்தி' என்று பெயர்த்துள்ளது. இதனால் தனிமனித பக்தி முன்னிற்க, பலர் இணைந்து எழுப்பும் கட்டடம் என்னும் உருவகம் மறைந்துவிடுகிறது.

பேச்சில் ஒழுங்கு

அந்நிய பாஷை பேசுவோர் இருவர் அல்லது மூவராக, ஒருவர்பின் ஒருவராகப் பேச வேண்டும். பொருள் உரைப்போர் இல்லையெனில் சபையில் பேசாதிருக்க வேண்டும் (14:27-28). பேசிக்கொண்டிருப்பவர், வேறொருவருக்கு வெளிப்பாடு கிடைத்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும் (14:30). ஆகவே இவ்விதிகளின் சுமை, ஏற்கெனவே பேசும் வாய்ப்புடையவர்மீதே விழுகிறது. பெண்கள் பேசாதிருக்க வேண்டும் என்னும் 34-35ஆம் வசனங்கள் இவ்விளக்கத்திற்குச் சிக்கலானவை. எனினும் பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் உரைப்பதையும் 11:5 இயல்பாக ஏற்கிறது. சில கையெழுத்துப் படிகளில் அவ்விரு வசனங்களும் 40ஆம் வசனத்திற்குப் பின்னரே இடம்பெறுகின்றன. ஆதலால் அவற்றைப் பொதுவிதியாகக் கொள்வதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பந்தியில் ஒழுங்கு

கொரிந்து சபையின் இராப்போசனத்தில் வசதியுள்ளோர் முந்தி உண்ண, இல்லாதோர் பசியோடிருந்தனர் (11:21-22). பவுல் கூறும் தீர்வு, ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பதாகும் (11:33). காத்திருக்க வேண்டியவர் உணவுடையவரே. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரமும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டபோது, அப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே உள்ளன. முறையிட்ட பிரிவினரிடமே பொறுப்பு சென்றதை இது உணர்த்துகிறது எனலாம்.

தமிழ்த் திருச்சபையில்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சாவூர், வேப்பேரி முதலிய இடங்களின் சபைகளில் சாதிவாரியான இருக்கைகளும் நற்கருணை பெறுவதில் முன்பின் வரிசையும் நிலவின. அவற்றை ஆதரித்தோர், அவை சமயம் சாராத சமூக வழக்கங்களே என்றனர். கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சுற்றுமடல் வழியாக இவ்வேற்றுமைகளைக் கைவிடுமாறு பணித்தார்; பலர் அதனை ஏற்காது சபையினின்று விலகினர். வெளித்தோற்றத்தில் அவ்வரிசை குழப்பமற்றது. ஆனால் 11ஆம் அதிகாரத்தின் அளவுகோலில் அதுவே ஒழுங்கின்மை. ஏனெனில் காத்திருக்க நேர்ந்தவர் எளியவரே.

முடிவுரை

பவுல் வகுக்கும் ஒழுங்கு, வாய்ப்புடையவரின் தன்னடக்கத்தால் அமைவது. வாய்ப்பற்றவரின் மௌனத்தால் அன்று. சபைக் கூட்டத்தில் பேச்சுரிமை, பொறுப்புகளின் பகிர்வு, உதவி வழங்கல் ஆகியவற்றில் ஒரு விதியை வகுக்கும்போது, அது யாரைக் காத்திருக்கச் செய்கிறது என்று வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையே, அவ்விதி சபையைக் கட்டியெழுப்புகிறதா, பிரிக்கிறதா என்பதைத் தெளிவுபடுத்தும்.