சித்திரையில் உழவு, ஐப்பசியில் கன்று

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் தேக்கோ மலைவேம்போ வைக்க நினைப்பவர், கன்று வாங்கும் முன் காற்றைப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் அடிக்கும். மலை மறைவில் கிடக்கும் சங்கரன்கோவில் வட்டாரப் புஞ்சைகளுக்கோ பெரும்பாலும் வறண்ட காற்றுதான் வரும். அப்போது நட்ட கன்று, வேர் உறிஞ்சுவதைவிட அதிக நீரை இலை வழியே இழந்து வாடிவிடும். இங்கே மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான்.

1840களில் கேரளத்து நிலம்பூரில் மலபார் கலெக்டர் கனோலியும் அவர் கீழ் வேலைபார்த்த சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் போட்டபோது, முதலில் விதையே முளைக்காமல் தவித்தார்கள். பிறகு அங்கே தேக்கு செழித்தது. ஆனால் நிலம்பூருக்கு ஆனியில் பெருமழை. அந்த ஊர் நடவுக் காலத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் கன்று காயும்.

அதனால் ஐப்பசியில் நடவைக் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சித்திரையில் ஒரு மழை விழுந்ததும் கோடை உழவு. வைகாசியில் குழி: நீளம், அகலம், ஆழம் எல்லாம் 45 செ.மீ. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவிக்க வேண்டும். வெயில் பட்டுக் குழி ஆறினால் மண் பொலபொலக்கும், புழுக்களும் சாகும். மூடும்போது மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரம் கலந்து அடியில் போட வேண்டும். வேர் முதலில் தேடிப் போவது அங்கேதான்.

செவல் மண்ணில் இதெல்லாம் எளிது. கரிசல் மழையில் ஊதும், கோடையில் பிளந்து இளவேரை அறுக்கும். நீர் தேங்கும் கரிசலில் தேக்கு வைக்காதீர்கள் என்றே சொல்வேன்.

இடைவெளி 2 மீட்டர் விட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,000 கன்று பிடிக்கும். 3 மீட்டருக்குச் சுமார் 450. நெருக்கி வைத்தால் தண்டு நேராக ஏறும், ஆனால் சில ஆண்டுகளில் கலைத்துவிட வேண்டும். 2021-22இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் பசுமைப் போர்வை இயக்கத்தில் வரப்போரம் ஏக்கருக்கு 60, வயல் முழுக்க என்றால் 160 என்று கணக்கு. பயிரோடு மரமும் வேண்டும் என்பவருக்கு அதுவே பொருத்தம்.

நடும் நாளில் பையைக் கிழித்ததும் அடியைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை வெட்டிவிட வேண்டும். விட்டால், வளர்ந்த பிறகும் ஆணிவேர் கீழே இறங்காமல் மரம் காற்றில் சாயும். ஆடிக் காற்று அடிக்கும் ஊரில் இதைத் தவறவிடக் கூடாது.

இரண்டு வாரம் கழித்து வரிசையாக நடந்து, பட்டுப்போன இடத்தில் மறுகன்று வைக்க வேண்டும். மார்கழி தாண்டி வைக்கும் கன்றுக்கு மழையில் வேர் விட நாள் இருக்காது. பங்குனி வெயிலில் குடம் குடமாக ஊற்றித்தான் காப்பாற்ற வேண்டும்.