விண்ணில் எதைப் பரிசோதிப்பது?

நெல்லியடிச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் விவசாயி, புதிய இன விதை கிடைத்தவுடன் தோட்டம் முழுவதும் அதனை இட்டுவிடுவதில்லை. முதலில் ஒரு பாத்தியில் இட்டுப் பார்ப்பார். பிழைத்தால் நட்டம் ஒரு பாத்தியோடு போகும். விண்வெளி நிறுவனங்கள் கைக்கொள்வதும் இந்த நிதானத்தையே.

ஏவப்பட்ட விண்கலத்தைத் திருத்த ஆள் அனுப்புவது அநேகமாக இயலாத காரியம். ஆதலால் நிரூபிக்கப்பட்ட கருவிகளையே பொறியியலாளர் விரும்புவர். ஆனால், பறந்து பார்க்காமல் புதிய கருவி நிரூபணமாவதும் இல்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்கும் கேள்விகளை மூன்றாகச் சுருக்கிக் கூறலாம். அடுத்த பயணத்துக்கு அது இன்றியமையாததா? தரையில் முழுமையாகப் பரிசோதிக்க இயலாததா? தோற்றால் இழப்பைத் தாங்க முடியுமா?

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஸ்பேடெக்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். தலா 220 கிலோ எடையுள்ள இரு செய்மதிகள் 2024 டிசெம்பர் 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டன. 2025 ஜனவரி 7ஆம், 9ஆம் திகதிகளுக்குக் குறிக்கப்பட்ட இணைப்பு பிற்போடப்பட்டு, 16ஆம் திகதி நிறைவேறியது. சந்திரனின் மண்ணைக் கொண்டுவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கும் விண்வெளி நிலையத்துக்கும் இந்த இணைப்புத் திறன் அவசியம். பெருங்கலங்களை ஈடுவைக்காமல் சிறு செய்மதிகளில் அது பழகப்பட்டது.

அதே ரொக்கெட்டின் நான்காம் கட்டம், பணி முடிந்தபின் வீசப்படாமல் 24 பரிசோதனைகளைச் சுமந்தது. நாம் கௌபி என்றழைக்கும் பயறின் எட்டு விதைகள் அங்கு நான்கே நாட்களில் முளைவிட்டன. எப்படியும் கழிவாகப் போகும் பாகம் என்பதால், பல்கலைக்கழகங்களின் கன்னி முயற்சிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது.

எமது நாட்டின் 'ராவணா-1' செய்மதியும் இவ்வகையினதே. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய, ஏறத்தாழ ஒரு கிலோ எடையுடைய அது, 2019 ஜூன் 17ஆம் திகதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது, சிறு தோல்விகளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கும் மனப்பாங்கையே. எமது பாடசாலைகளின் விஞ்ஞானகூடங்களிலோ விடை தெரிந்த பரிசோதனைகளே நடக்கின்றன. பிழைத்த பெறுபேற்றை மறைத்து, புத்தகத்திலுள்ளதை எழுதவே பிள்ளைகள் பழகுகின்றனர். அவர்கள் பிழைவிட்டுப் பார்க்கவும் ஒரு பாத்தி வேண்டும். அதனை ஒதுக்கிக் கொடுப்பது பாடசாலைகளினதும் கல்வி அதிகாரிகளினதும் பெற்றோரினதும் கடமையாகும்.